ராகி கொடுத்துவிட்டவர்

பலாமரத்தின் தாழ்ந்த கிளையில் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறை எங்கள் ஊருக்கு வரும் நர்சம்மா அதைப் பையிலிருந்து எடுத்துக் கொக்கியைக் கிளையில் மாட்டுவார், அடியில் ஒரு துணிப்பையைக் கட்டுவார். என் மகனை அதற்குள் உட்கார வைத்தால் இரண்டு கால்களும் இரண்டு ஓட்டை வழியாக வெளியே தொங்கும். அவன் அழமாட்டான். பனி விலகாத காலை நேரம் அது. இலையிலிருந்து சொட்டும் நீர் தலையில் விழும்போது மட்டும் யார் தொட்டது என்று அண்ணாந்து பார்ப்பான். நான் அவனைப் பார்க்க மாட்டேன். வட்டக் கண்ணாடிக்குள் நடுங்கும் அந்தச் சிவப்பு முள்ளைத்தான் பார்ப்பேன். அவனுக்கு ஏழு மாதம் முடிந்த அன்று, போன மாதம் நின்ற இடத்திலேயே முள் வந்து நின்றது. நர்சம்மா ஒருதரம் இறக்கி, மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்போதும் அதே இடம்தான்.

"என்ன குடுக்கறே?" என்று கேட்டார்.

"பாலுதாங்க."

"பாலு சரி. கூழு, பழம், சோறு? போன மாசமே படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேனே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற நங்கைதான் எனக்காகப் பதில் சொன்னார். "இன்னும் மாமன் வரலீங்க."

நங்கை என்றால் எங்கள் பக்கம் புருஷனின் அக்கா. இந்த நினைவெல்லாம் அவரைப் பற்றியதுதான் என்றாலும், அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது எனக்குப் பிடிக்கவில்லை. நர்சம்மாவுக்குக் கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், பேனாவை மூடிவிடுவார். எடை அட்டையில் ஒரு புள்ளி வைத்து, போன மாதத்துப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஏறிக்கொண்டே வந்த கோடு கடைசியில் பாய் விரித்துப் படுத்துவிட்டிருந்தது. "மாமன் வர்ற வரைக்கும் இவன் வயிறு காத்திருக்குமா? அடுத்த மாசமும் முள்ளு இங்கயே நின்னுதுன்னா கீழ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவேன், பாத்துக்க" என்று சொல்லிப் பேனாவை மூடினார்.

நான் பிறந்து வளர்ந்தது கொல்லிமலைக்குக் கீழே, பேளுக்குறிச்சிப் பக்கம். அங்கே குழந்தைக்கு முதல் வாய்ச் சோற்றைத் தாய்மாமன்தான் ஊட்டவேண்டும். மாமன் சம்மணம் போட்டு உட்கார, மடியில் குழந்தை கிழக்கே பார்த்து உட்கார, குழைந்த சோற்றில் துளி நெய் விட்டு, மாமனின் விரல் முதலில் அந்த உதட்டைத் தொடவேண்டும். அதற்கு முன்னால் ஒரு பருக்கைகூட நாக்கில் படக்கூடாது. மாமன் கோபித்துக்கொண்டிருந்தால் நாலு பேர் போய்க் கையைக் காலைப் பிடித்து இழுத்து வருவார்கள். மலையிலும் தாய்மாமனுக்கு மரியாதை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இங்கே ஆட்கள் காரியக்காரர்கள். "மாமன் வரலீன்னா என்ன, மாமன் முறையாகறவங்க நம்மூர்லயே மூணு பேரு இருக்கறாங்க, ஒருத்தரைக் கூப்புட்டு ஊட்டச் சொல்லலாம்" என்றார் என் கணவர். அவர் சொன்னது நியாயம்தான். நான் கேட்கவில்லை. எனக்கு மூன்று பேரும் வேண்டாம், முப்பது பேரும் வேண்டாம். என் மகன் வாய்க்கு என் அண்ணன் கை வரவேண்டும், அவ்வளவுதான். பிடிவாதத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது. அதை மலை ஏறும்போது மறக்காமல் கொண்டுவந்திருந்தேன்.

எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா போய்விட்டார், அடுத்த வருஷமே அப்பா. அண்ணனுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் காட்டு விவசாயத்தைப் பார்த்துக்கொண்டு என்னையும் பார்த்துக்கொண்டார். எனக்கு விவரம் தெரிந்து வயிறு நிறையச் சோறு ஊட்டியது அந்தக் கைதான். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்கள், சோற்றோடு சேர்ந்து உதட்டில் லேசாகச் சொரசொரக்கும். அந்தச் சொரசொரப்பு என் மகனுக்கும் கிடைக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது குற்றமா? ஆனால் நான் பேளுக்குறிச்சிச் சந்தையில் அன்னாசிப்பழம் விற்க வந்த ஒரு மலைக்காரரைப் பார்த்துவிட்டேன், பிடித்துப்போய்விட்டது, கல்யாணமும் பண்ணிக்கொண்டேன். "மலைக்காரனுக்குக் குடுக்கறதுக்கா உன்னை வளத்தேன்? நான் உசுரோட இருக்கற வரைக்கும் அந்த மலையில காலெடுத்து வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் அண்ணன். கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. என் கணவர் ஒருவரைத் தவிர அந்தக் குடும்பத்தில் யார் முகத்தையும் அவர் பார்த்ததில்லை.

போன் பண்ணினால் எடுக்கமாட்டார். மகன் பிறந்ததும் படம் அனுப்பினேன். மலைமேல் ஆலத்தூர் நாட்டில் எங்கள் ஊருக்குள் சிக்னல் கிடைக்காது. ரோடு வளைகிற இடத்தில், ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான் கிடைக்கும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பாறைமேல் நின்று, குப்புற விழுந்த படம், தவழ்ந்த படம், வாயைத் திறந்து கொட்டாவி விட்ட படம் என்று அனுப்பிக்கொண்டே இருப்பேன். ஒவ்வொன்றுக்கும் ப்ளூ டிக் வரும், பதில் வராது. பார்க்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. பார்க்கிறவர் ஒருநாள் வந்துவிடமாட்டாரா?

அந்த மாதங்களை இப்போது நினைத்தால் எல்லாமே பாதித் தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. ஐப்பசியில் மலையில் பனி கதவைத் தட்டிக்கொண்டு வராது, திறந்திருந்தால் நேரே உள்ளே வந்துவிடும். அடுப்பில் உலை கொதிக்கும், ஆவி எது, பனி எது என்று தெரியாது. பால் குடித்தபடியே அவன் தூங்கிவிடுவான், நானும் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிடுவேன். கண் விழித்தால் காலையா மாலையா என்று புரியாது. வெளியே சில்வர் ஓக் மரங்கள் இடுப்பு வரைதான் தெரியும், மேலே மரமே இருக்காது. மிளகுக் கொடிகள் வெறும் வெள்ளையில் ஏறிப் போய்க்கொண்டிருக்கும். எங்கோ ஒரு பஸ் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு ஏறும். அண்ணன் அதில் வருகிறார் என்று வைத்துக்கொள்வேன். எழுபது வளைவையும் எண்ணுவதற்குள் மறுபடி தூங்கிப்போவேன். பசி என்ற ஒன்று என் மகனுக்கு இருக்கிறது என்பதே எனக்கு உறைக்கவில்லை. நான் சாப்பிடும்போது என் தட்டையே பார்ப்பான், என் வாய் அசைந்தால் அவன் வாயும் அசையும். அதைப் பார்த்துச் சிரித்தேன். என்னை எதைக்கொண்டு அடிப்பது!

நங்கை அந்த வீட்டில்தான் இருந்தார். புருஷனோடு ஒத்துவராமல் நாலே மாதத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். பிள்ளை இல்லை. மிளகுக் காட்டில் ஏணி போட்டு ஏறினால் ஆண்பிள்ளைகள் தோற்றுப்போவார்கள். வாரம் தவறாமல் பஸ் ஏறி பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய் மிளகும் பழமும் விற்று வருவார். எல்லாவற்றையும்விடப் பெரிய திறமை ஒன்று அவரிடம் இருந்தது. பொய் சொல்வார். சும்மா இல்லை, கண்ணை இமைக்காமல், சாட்சி, வாசனை, நிறம் எல்லாம் சேர்த்துச் சொல்வார். வாசலூர்பட்டிப் படகு இல்லத்துக்கு வந்த டூரிஸ்ட் ஒருவர் மலை வாழைப்பழத்தைப் பார்த்து இது என்ன பழம் என்று கேட்டிருக்கிறார். "இதைத் தோலோட தேச்சா முடி மொளைக்குமுங்க, என்ற சித்தப்பன் அறுவது வயசுல ஜடை போட்டாரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார் நங்கை. "ஏனுங்க இப்படி?" என்று கேட்டால், "பாவம், வழுக்கையா இருந்தாரு, சந்தோசமாப் போகட்டுமே" என்பார். நங்கை சொன்னால் பாதியைத்தான் நம்பவேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துதான் ஏமாந்தேன்.

முள் நகராத அந்தக் காலைக்குப் பிறகு நங்கை ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தார். மத்தியான நேரத்தில் வந்து, "நீ செத்த கண் அசரு அம்மிணி, நான் பையனக் காட்டுக்குத் தூக்கிட்டுப் போயி வேடிக்கை காட்டிட்டு வாரேன்" என்பார். எனக்குத் தூக்கம் என்றால் போதும், தலையை ஆட்டிவிடுவேன். ஒரு பழைய சேலையைத் தோளில் குறுக்காகக் கட்டி, அதற்குள் அவனை உட்கார வைத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போவார். பத்தடி போனதும் இருவரும் மறைந்துவிடுவார்கள், நங்கையின் பேச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். அவனிடமும் பொய்தான் சொல்லிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது அவன் தூங்கிக்கொண்டு வருவான், முகம் கழுவி, தலை சீவி, பொட்டு வைத்து. இவ்வளவு கரிசனம் எதற்கு என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? அவன் துணிகளைக்கூட அவரே பிடுங்கிக்கொண்டு போய் ஓடையில் அலசினார். ஒருநாள் கண்ணில் பட்டுவிட்டது. "என்னங்க, கருப்பாப் போயிருக்கறான்?" என்று பதறினேன். "பல்லு மொளைக்கற நேரம் அப்படித்தான் போகும், எல்லாப் புள்ளைங்களுக்கும் இதேதான்" என்றார், துணியைப் பிழிந்தபடி. நானும் அவன் ஈறைத் தடவிப் பார்த்துப் பல்லைத் தேடினேன்.

எட்டாம் மாதம் பலாமரத்தடியில் முள் ஏறியது. நின்ற இடத்தைத் தாண்டி, கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. நர்சம்மா முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவால்லையே, குடுக்க ஆரம்பிச்சுட்டியா?"

"இல்லீங்க. வெறும் தாய்ப்பால்தான்" என்றேன். சொல்லும்போது கழுத்து தானாக நிமிர்ந்தது. என் பாலின் மகிமையை ஆலத்தூர் நாடு முழுக்கத் தண்டோரா போட்டுச் சொல்லவேண்டும் போல இருந்தது. நர்சம்மா என்னைப் பார்த்தார், அவன் கன்னத்தைக் கிள்ளினார், பிறகு நங்கையைப் பார்த்தார். நங்கை எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பனியில் அங்கே மலையே தெரியவில்லை. நர்சம்மா ஒன்றும் கேட்காமல் அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, "எதைக் குடுக்கறியோ அதையே குடு" என்று யாரைப் பார்த்தும் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் இடி என்னை எழுப்பியது. மழை பிடித்துக்கொண்டது. பிள்ளை நனைவானே என்று பதறி, சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு காட்டுக்கு ஓடினேன். காட்டின் நடுவில் மிளகு காய்ப்பு நேரத்தில் தங்குவதற்கு ஒரு சின்னக் குடிசை இருக்கிறது, சாளை என்போம். அதன் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே மூன்று கல் கூட்டி ஒரு சின்னப் பாத்திரம் வைத்திருந்தது. ஊறவைத்த ராகியை ஆட்டி, பழைய வேட்டித் துணியில் பிழிந்தெடுத்த பாலைக் காய்ச்சிக் கெட்டியாக்கிய கூழ். நங்கை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்கு நடுவில் என் மகன். அவர் விரல் நுனியில் கூழைத் தொட்டு, ஊதி, தன் கீழுதட்டில் வைத்துச் சூடு பார்த்து, "ஆ" என்று தன் வாயைத் திறந்தார். அவனும் ஆ என்று திறந்தான். அந்தப் புகையும் மழைச் சத்தமும் இளஞ்சூட்டு ராகி வாசனையும் அவர்கள் இருவரின் திறந்த வாயும், இன்றைக்கும் கண்ணை மூடினால் அப்படியே இருக்கின்றன. அவன் என்னைப் பார்த்துவிட்டான். உதட்டுக்கு மேலே கூழ் மீசையோடு, ஈறு முழுவதும் தெரியச் சிரித்தான்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆங்காரம் வந்ததோ. எட்டு மாதம் அண்ணனுக்காகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த வாய். "என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க! யாரைக் கேட்டு ஊட்டுனீங்க?" என்று கத்தினேன். அவர் பாத்திரத்தின் பக்கம் கையை நீட்டினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. "ஒண்ணு பெத்திருந்தாத்தான உங்களுக்குத் தெரியும்" என்று சொன்னேன். சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை இங்கே எழுதவே கை கூசுகிறது, ஆனால் எழுதாவிட்டால் நானும் ஒரு பொய்க்காரிதான். நங்கையின் கை பாத்திரத்தின் விளிம்பில் அப்படியே நின்றது. அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த வாய்க்குக் காத்திருந்தான். கூரையில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. நங்கை குனிந்து பாத்திரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உங்கண்ணன் குடுத்து உட்டதுதான் அம்மிணி" என்றார்.

சாளையின் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தேன். "என்ன சொன்னீங்க?"

"ஆறு சந்தைக்கு முன்னால வந்தாருங்க. மெளகு யாவாரம் பண்ற மலைக்காரம்மா எங்க உக்காந்திருக்குதுன்னு விசாரிச்சுக்கிட்டு, நேரா என்றகிட்டயே வந்து நின்னாரு. 'நான் அங்க வரமுடியாது, சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குது. இந்த ராகிய என்ற மருமவனுக்கு மொத வாயா ஊட்டிப்போடுங்க. தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேண்டாம்'னாருங்க. அதுக்கப்பறம் வாராவாரம் ஒரு பொட்டலம்."

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

"நீலம். கைய மடிச்சு உட்டிருந்தாரு."

"வேற என்ன கேட்டாரு?"

"புள்ளை யாரு சாடைன்னு கேட்டாரு. உங்க சாடைதானுங்கன்னு சொன்னேன். மூஞ்சிய அக்கட்ட திருப்பிக்கிட்டாரு."

நான் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எது கேட்டாலும் பதில் இருந்தது. நான் அழுதுகொண்டே கேட்டேன், சிரித்துக்கொண்டே கேட்டேன். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த கூழை வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். அடடா, எங்கள் காட்டு மண் வாசனை, அப்பட்டமாகத் தெரிந்தது! பிறகுதான் நான் சொன்ன சொல் நினைவுக்கு வந்தது. "நான் பேசுனதை மனசுல வெச்சுக்காதீங்க நங்கை" என்றேன். "என்ன பேசுனே? மழைச் சத்தத்துல ஒண்ணும் காதுல உழுகலியே" என்றார் அவர். அடுத்த வாயை ஊதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பாறைமேல் ஏறி அண்ணனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். "அண்ணா, ராகி வந்து சேந்துச்சு. நங்கை எல்லாம் சொல்லிப்போட்டாங்க. கோவிச்சுக்காத. பையன் நல்லாச் சாப்புடறான். முள்ளு ஏறிருச்சு. நீ குடுத்து உட்டதுதான் அவனுக்கு மொத வாய்." அதற்குமேல் அழுகைதான் பதிவானது. ப்ளூ டிக் விழுந்தது. எப்போதும் போல அதோடு முடிந்தது என்று இறங்கப் பார்த்தேன். அண்ணன் ஏதோ பதிவு செய்துகொண்டிருப்பதாகத் திரையில் காட்டியது, நின்றுபோனது, மறுபடி காட்டியது, மறுபடி நின்றது. பனி வந்து பாறையை மூடி, என்னை மூடி, விலகிப் போனது. அவ்வளவு நேரத்துக்குப் பிறகு ஒரே ஒரு செய்தி வந்தது. இரண்டு வருஷம் கழித்து அண்ணனின் குரல்.

"பத்தலீன்னா சொல்லு, கண்ணு."

அவ்வளவுதான். அதை எத்தனை தரம் போட்டுக் கேட்டேன் என்று கணக்கில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடமும் போட்டுக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "உங்க காட்டுல குச்சிக்கெழங்குதான போடறாங்க? ராகி ஏது?" என்றார். "மருமவனுக்குன்னு கேட்டு வாங்கியாந்திருப்பாரு, உங்களுக்கு என்ன?" என்று சீறினேன். மனிதர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இன்று என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தட்டில் எதை வைத்தாலும் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிடுவான், அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. நங்கைக்கு இப்போது முழங்கால் வலி, ஏணி ஏறுவதில்லை. வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. தனக்கு முதலில் சோறு ஊட்டியது யார் என்று அவன் கேட்டால், உன் மாமன்தான் என்று சொல்கிறேன். நங்கையும் ஆமாம் என்று தலையாட்டுவார். நான் அப்படிச் சொல்லப் பழகியது அந்த வருஷத்து மார்கழியில், ஒரு காலையில்.

ராகி அறுவடை முடிந்திருந்தது. ஊரில் எந்த வாசலில் பார்த்தாலும் படுதா விரித்து ராகி காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் வாசலிலும்தான். நங்கை நடுவில் உட்கார்ந்து கையால் கிளறிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன், மகன் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் தோளில் ஒரு மூட்டையோடு வருவது தெரிந்தது. நடையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மலையில் கால் வைக்கமாட்டேன் என்று சொன்ன என் அண்ணன், காய்கிற ராகியை மிதித்துவிடாமல் ஓரமாகச் சுற்றி, குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்துகொண்டிருந்தார். தோளில் இருந்ததும் ராகிதான். மூட்டையில் ஒரு பொத்தல், வழியெல்லாம் இரண்டொன்று உதிர்ந்துகொண்டு வந்தது. கொல்லிமலைக்கு ராகி சுமந்து வந்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

நங்கை நிமிர்ந்து பார்த்தார். "யாருங்க? யாரைப் பாக்கோணும்?" என்று கேட்டார்.

வாராவாரம் சந்தையில் பார்த்த ஆளை, நீலச் சட்டை போட்டு வந்து பொட்டலம் கொடுத்த ஆளை, யார் என்று கேட்கிறார். நங்கை என் அண்ணனைப் பார்த்ததே இல்லை. அண்ணன் ஒரு பொட்டலமும் கொடுக்கவில்லை. நான் பாறைமேல் நின்று அழுத அழுகையைக் கேட்டு, யாரோ ஒரு பெண் தன் பெயரைச் சொல்லித் தன் மருமகனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள் என்று மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது. நினைத்திருந்தால் நான் கொடுக்கவில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை.

அண்ணன் மூட்டையை இறக்கி வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நங்கையைப் பார்த்துக் கை கூப்பினார்.

"நான்தானுங்க, ராகி குடுத்து உட்டவன்" என்றார்.

நங்கை ஒரு கணம் அவரையே பார்த்தார். அவ்வளவுதான், ஒரே ஒரு கணம். பிறகு முந்தானையை உதறி எழுந்தார்.

"அடடே, வாங்க வாங்க! பனியில ஆளே தெரியலீங்க. சந்தையில பாத்ததுக்கு இளைச்சாப்ல இருக்கறீங்களே, ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"கொஞ்சம் காச்சலுங்க. இப்பப் பரவால்லீங்க. போன வாரம் குடுத்து உட்டது பத்தியிருக்காதுன்னுதான் நானே எடுத்துக்கிட்டு வந்தேன்."

"தீந்தே போச்சுங்க. நேத்துத்தான் கடைசி."

நங்கையின் காலைச் சுற்றிப் படுதா நிறைய ராகி கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்கவே இல்லை. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன், அழுகையா சிரிப்பா எது வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. நங்கைதான் உள்ளே வந்து, நான் இறக்கி வைத்திருந்த கூழைக் கிண்ணத்தில் ஊற்றினார். மகனைத் தூக்கிக்கொண்டு போய்க் கிழக்கே பார்த்து உட்கார்ந்த அண்ணன் மடியில் வைத்தார். அண்ணன் காய்த்த விரலால் கூழைத் தொட்டார். பாதி தூரம் வருவதற்கு முன்பே என் மகன் ஆ என்று வாயைத் திறந்து, எட்டி விரலையே கவ்விக்கொண்டான்.

அண்ணன் விரலை விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே நிமிர்ந்து நங்கையைப் பார்த்தார். "நல்லாப் பழக்கி உட்டிருக்கறீங்க" என்றார்.

"நான் என்னத்தைப் பழக்குனேன்" என்றார் நங்கை. "உங்க ராகியாச்சுங்களே."